ஒன்றரைச் சுற்று

சந்தித் தேத்தண்ணிக்கடை வாங்கில் உட்கார்ந்து இரண்டாவது மிடறு குடித்தபோது தேவராசாவுக்குத் தன்னுடைய லொறியின் சத்தம் கேட்டது. முதலில் நெஞ்சுச்சளிக்காரனின் இருமல் மாதிரி ஒன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு இருமல், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரே சீரான உறுமல். அளவெட்டியில் பெற்றோலில் ஓடுகிற பழைய லொறி அது ஒன்றுதான். அந்தச் சத்தத்தை வேறொன்றோடு மாறாட்டம் பண்ண யாராலும் முடியாது.

"தேவராசாண்ணை, உது உங்கடை லொறியெல்லே?" என்றார் கடைக்காரர். "நீங்கள் இஞ்சை இருக்கிறியள். அங்கை ஆர் ஸ்டார்ட் பண்ணினது?"

அரைக் கோப்பைத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு அவர் எழுந்தார். இருபது நிமிடத்துக்கு முன்புதான், முக்கால் மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டிக் களைத்து, லொறியின் திறப்புக் கோர்வையை இருக்கையில் எறிந்துவிட்டு வந்திருந்தார். பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷத்தில் எட்டு மாதம் கொட்டிலில் கிடந்த லொறி, அதற்குப் பிறகு ஒரு காலையிலாவது ஒழுங்காக எழும்பியதில்லை. பற்றறி மாற்றினார். பிளக் நான்கும் மாற்றினார். நெல்லியடியில் இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தும் காட்டினார். ஒன்றும் சரிவரவில்லை. ஒவ்வொரு நாளும் அக்சிலேற்றரை மிதிமிதியென்று மிதித்து, பெற்றோல் மணம் மூக்கை அடைக்க, பற்றறி சாகும்வரை செல்ப் அடிப்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

படலையைத் திறந்தபோது லொறி குலுங்கிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அவருடைய மனைவி சுவர்ணா இருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையைச் சோக்குக் குமிழில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து என்ஜினைக் கேட்டபடி இருந்தாள். அடுத்த அறையில் தூங்கும் பிள்ளையின் மூச்சைக் கேட்கிற தாயின் முகம் அது. தன் பக்கம் அந்த முகம் திரும்பி எத்தனை வருஷம் என்று அவருக்குள் ஒரு கேள்வி எழும்பியது. அதை உடனேயே அமுக்கினார்.

"எப்பிடி ஸ்டார்ட் பண்ணினனீ?"

"சோக்கை முழுக்க இழுத்துப்போட்டுச் செல்ப் அடிச்சன். பெற்றோலை மிதிக்கேல்லை, அவ்வளவுதான்." அவள் இறங்கினாள். "நீங்கள் மிதிச்சு மிதிச்சு அதை மூழ்கடிச்சுப் போடுறியள். கொஞ்ச நேரம் காய விட்டால் தானா வரும்."

"உனக்கு ஆர் உது சொல்லித் தந்தது?"

"அந்தச் சண்டை நேரத்துப் பெற்றோல் தடைக் காலத்திலை அண்ணையின்ரை காரை நான்தானே ஸ்டார்ட் பண்ணுறனான். மண்ணெண்ணெயிலை ஓடினது. ஊசி மருந்துக் குழாயிலை நாலு துளி பெற்றோல் எடுத்துக் காபரேற்றருக்குள்ளை விடோணும். கூட விட்டாலும் வராது, குறைய விட்டாலும் வராது." அவள் சிரித்தாள். "அப்ப எனக்குப் பதினாறு வயசு."

தேவராசாவுக்கு அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் இந்தக் கதையை அவள் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை. அவரில்லாமல் அவள் சிரித்திருந்த ஒரு காலம், கையில் ஊசிக்குழாயோடு அவள் நின்ற ஒரு முற்றம், அவர் காணாத ஒரு கார். அதெல்லாம் அவர் நெஞ்சில் மணல் மாதிரி உறுத்தியது.

அதன் பிறகு காலையில் ஸ்டார்ட் பண்ணுவது அவள் வேலையாயிற்று. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. அவர் குளித்துவிட்டு வரும்போது லொறி சூடாகி நிற்கும். ஒரு நாள் அவள் காபரேற்றரின் மேல்மூடியைக் கழற்றி, சோக்கின் தட்டு முழுக்க மூடாமல் நிற்பதைக் கண்டுபிடித்து, கம்பியை இழுத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு ஒரே அடியில் வந்தது. தோட்டத்துக்கு வெங்காயம் ஏற்றப் போனால், "இண்டைக்கு மனிசி ஸ்டார்ட் பண்ணித் தந்தவவோ?" என்று கேட்டார்கள். கேலியில்லை, மரியாதையோடுதான் கேட்டார்கள். அந்த மரியாதைதான் அவருக்குப் பொறுக்கவில்லை. லொறிக்காரத் தேவராசா என்றுதான் இந்த ஊரில் அவருக்குப் பெயர். கொழும்பில் பதினொரு வருஷம் அடுத்தவன் துணியை மடித்து மடித்துச் சேர்த்த காசில் வாங்கிய பெயர் அது.

வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் சிவசுப்பிரமணியம் இளைப்பாறிய தபாலதிபர். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஒரு பின்னேரம் படலையடியில் வந்து நின்று, "தேவராசா, என்ரை கார் இரண்டு கிழமையா எழும்புதில்லை" என்றார்.

தேவராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். "வாறன் அண்ணை, ஒருக்காப் பாப்பம்."

"இல்லை, நீர் இரும். தங்கச்சி நேரமிருந்தால் ஒருக்கா வரட்டும்."

சுவர்ணா போனாள். வேலிக்கு மேலால் அவளுடைய குரல் கேட்டது, சிவசுப்பிரமணியத்தின் சிரிப்பும் அவருடைய மனைவியின் சிரிப்பும் கேட்டன. கால் மணித்தியாலத்தில் அந்தக் காரின் சத்தமும் கேட்டது. தேவராசா மாட்டுக்கு வைக்கோல் போட்டார். போட்ட வைக்கோலை எடுத்து மறுபடியும் போட்டார்.

வெள்ளிக்கிழமை சுவர்ணா மகள் பிரசாந்தியைப் பார்க்க நெல்லியடிக்குப் போனாள். வீட்டில் யாருமில்லை. மத்தியான வெயிலில் தேவராசா கொட்டிலுக்குள் போய்ப் பொனற்றைத் திறந்தார். என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெளிவில்லை. காபரேற்றரின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. என்ஜின் மிதிக்காமல் ஆறுதலாக ஓடும்போது குடிக்கிற பெற்றோலைக் கூட்டிக் குறைப்பது அது என்று நெல்லியடி மெக்கானிக் சொன்னது நினைவிருந்தது. திருப்புளியை வைத்தார். ஒருமுறை வழுக்கியது. மறுமுறை பிடித்து, இறுகும்வரை உள்ளே முறுக்கினார். பொனற்றை மூடிவிட்டு வந்து சாப்பிட்டார். சோறு நன்றாகவே இறங்கியது.

மறுநாள் காலை லொறி நிறைய வெங்காயம். முதல் நாள் பின்னேரமே தோட்டக்காரர்கள் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள், எட்டு மணிக்கு முன்பு சுன்னாகம் சந்தையில் இறக்க வேண்டும். சுவர்ணா ஏறி இருந்தாள். சோக்கை இழுத்துச் செல்ப் அடித்தாள். லொறி எழும்பியது. சோக்கை மெல்ல உள்ளே தள்ளினாள். செத்தது. மறுபடியும் எழும்பியது, மறுபடியும் செத்தது.

"என்ன, உன்ரை கைராசி எங்கை போட்டுது?" என்றார் தேவராசா. சொன்னபோது வாயில் ஒரு இனிப்பு இருந்தது.

அவள் இறங்கிப் பொனற்றைத் திறந்தாள். பெற்றோல் குழாயைக் கழற்றி, வருகிறதா என்று பார்த்தாள், வந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி என்ஜின் உடம்போடு பிடித்து, அவரைச் செல்ப் அடிக்கச் சொன்னாள், நீலப் பொறி பறந்தது. சத்தம் கேட்டுச் சிவசுப்பிரமணியமும் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். அவள் மறுபடியும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, காபரேற்றரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினாள். என்ஜின் ஓடியது. கையை எடுத்தாள். நின்றது.

"பெற்றோல் குடிக்கக் காணாமல் நிக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "நேற்று முந்தநாள் இப்பிடி இல்லை."

குனிந்தாள். தேவராசா இருக்கையில் இருந்தபடி கதவால் எட்டி அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகு அசையாமல் நின்றது. அறுபது வருஷ எண்ணெயும் தூசியும் கறுப்பாய்ப் படிந்த அந்தச் சின்னத் திருகாணியடியில், திருப்புளி வழுக்கிய கீறல் ஒன்று புதுப் பித்தளையாக மின்னுவது அவருக்கு அங்கிருந்து தெரியவில்லை. தெரியத் தேவையுமில்லை.

"இஞ்சருங்கோ" என்றாள், தலையைத் தூக்காமல். "அந்தச் சின்னத் திருப்புளியைத் தாங்கோ."

அவர் இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கினாள், அவரைப் பார்க்கவில்லை. திருகாணியை வெளியே திருப்பினாள். ஒன்று. பிறகு பாதிச் சுற்று. அவரை விட்டுவிட்டுத் தானே ஏறி ஸ்டார்ட் பண்ணி, சோக்கை உள்ளே தள்ளினாள். லொறி நின்று நிதானமாக உறுமியது.

"என்ன தங்கச்சி பிரச்சினை?" என்றார் சிவசுப்பிரமணியம்.

"தூசி அண்ணை. தூசி அடைச்சுப்போட்டுது."

அவள் இறங்கி, கையைச் சாக்குத் துண்டில் விரல் விரலாகத் துடைத்தாள். திருப்புளியையும் துடைத்து அவரிடம் நீட்டினாள். அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் அவரும் கத்தியிருப்பார். அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். யாரோ ஒரு பழக்கமில்லாத ஆளை, வீடு விசாரிக்க வந்தவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"நேரம் போகுது" என்றாள். "போட்டு வாங்கோ."

"சுவர்ணா..."

"அடுப்பிலை உலை வைச்சனான்."

அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

தேவராசா ஒழுங்கையால் லொறியை எடுத்தார். வழியெல்லாம் அவருடைய காது என்ஜினிலேயே இருந்தது. மல்லாகத்தடியில் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோதுகூட அது திக்கவில்லை, தவறவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டிய எந்த நாளிலும் இவ்வளவு இனிமையாக ஓடியதில்லை. அது அவளுடைய குரல் மாதிரியே இருந்தது, அவரோடு கதைக்காத நேரத்துக் குரல்.

சந்தையில் லொறியின் பின்தட்டியைத் திறந்து விட்டார்கள். கூலியாட்கள் உரப்பைகளைத் தோளில் சரித்துக்கொண்டு போனார்கள். வெங்காயச் சருகு காற்றில் பறந்தது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோவன்" என்று ஒருவன் கத்தினான். "பெற்றோல் விக்கிற விலைக்கு ஏன் சும்மா ஓட விடுறியள்?"

தேவராசாவின் கை திறப்புக்குப் போனது. நிறுத்தினால் மறுபடி எழும்பாது என்று பயமா, அல்லது வேறு ஏதாவதா, அவருக்கே விளங்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்க, பாரம் குறைந்த லொறி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டு வந்தது. கண்ணாடியில் வெங்காயச் சருகு ஒன்று ஒட்டி, என்ஜினின் நடுக்கத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தேவராசா அதையே பார்த்தபடி, காலை அக்சிலேற்றரில் வைக்காமல் இருந்தார்.