வெந்நீரில் நிமிர்ந்த முப்பது தண்டுகள்

அந்த மனிதரை எல்லாரும் நேர்க்கோட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். புகை பிடிக்கும் பைப்புகளுக்குக் கெட்டி ரப்பரில் தண்டு கடைகிறவர். நாற்பது வருஷத் தொழில். வாயில் வைக்கும் நுனியை மீன்வால் மாதிரி விரித்துக் கேட்டாலும் செய்வார், தண்டைக் குட்டையாகக் கேட்டாலும் செய்வார். வளைத்துக் கேட்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "பைப்பு கேக்குறீங்களா, கொக்கி கேக்குறீங்களா?" என்பார்.

காலம் என்ன, அவரைக் கேட்டுக்கொண்டா மாறுகிறது? அவர் கல்யாணம் செய்துகொண்ட சமயத்தில் நேர்த்தண்டுக்குத்தான் மவுசு. வளைந்ததெல்லாம் பல் ஆடுகிற கிழவர்களுக்கு. இப்போது கதை தலைகீழ். வளைந்த தண்டு என்றால் பாரம் தாடைக்குக் கீழே தொங்கும், பல் வலிக்காது, இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம் என்று இளவட்டங்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நேர்த்தண்டுகள் அலமாரியில் சீந்துவாரில்லாமல் கிடந்தன.

அதே பட்டறையில் தொழில் பழகிய அவருடைய மகள் துணிந்து, வளைந்த தண்டு வைத்த முப்பது பைப்புக்கு ஆர்டர் பிடித்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணிக்குக் கடைக்காரர் வந்து பார்ப்பதாகப் பேச்சு. பிடித்துப்போனால் வருஷம் முழுக்க அவளிடமே வாங்குவார். அந்த ஒரு மாதமும் அப்பாவும் மகளும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். "உன் கொக்கி ஒண்ணுகூட என் பட்டறை வாசலைத் தாண்டாது" என்று போன வாரம்தான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருந்தார்.

ஆனால் பெற்ற மனசு கேட்குமா? கடைக்காரர் வரவேண்டிய அன்று காலை மகளுக்கு முன்னாலேயே பட்டறைக்கு வந்து, முப்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வேலை படு சுத்தம். மெருகேற்றிய மெழுகு மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை அசந்து விட்டிருப்பாள் என்று மனம் இளகி, தண்டுகளைக் கழற்றி, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டார். நேர்த்தண்டுகளை அவர் காலமெல்லாம் அப்படித்தான் கழுவுகிறார். ஒன்றும் ஆனதில்லை.

துணி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், அட கடவுளே, முப்பதும் நிமிர்ந்து கிடக்கின்றன! சூடு காட்டி வளைத்த ரப்பருக்கு மறுபடி சூடு பட்டால் பழைய வடிவத்துக்கே போய்விடும். வளைக்கிறவர்களுக்கு இது பாலபாடம். நேர்த்தண்டு வேறு எந்த வடிவத்துக்குப் போகும்? அதனால் அவர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். கூடவே, சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கடைக்காரரும்.

கடைக்காரர் பாத்திரத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பலே ஆளுய்யா நீங்க. சொன்ன மாதிரியே வாசலைத் தாண்ட விடல. உங்களுக்குத் தெரியாத ரப்பரா?"

மகள் சிரிக்கவில்லை. "வேணும்னே செஞ்சீங்களாப்பா?" என்றாள்.

நேர்க்கோட்டார் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். இல்லை என்று சொன்னால், தண்டு விஷயத்தில் தனக்கும் தெரியாதது ஒன்று உண்டு என்று வெளியாள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிட, ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சொல்லி மீசையை முறுக்கிக்கொண்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வீம்பு அப்படி. ஆனால் மகளின் கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "கழுவி வெச்சா நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன். இப்படி நிமிரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

பிறந்ததிலிருந்து அவள் 'தெரியாது' என்ற வார்த்தையை அவர் வாயால் கேட்டதில்லை. முன்பின் போகாத ஊரில்கூட வழி தெரியும் என்று சொல்லிக் குடும்பத்தையே மூன்று மணி நேரம் சுற்றவிட்டவர் அவர். பொய் சொல்வதாக இருந்தால் இதையா சொல்லியிருப்பார்? அவள் நம்பிவிட்டாள். நம்பியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சாயங்காலம் வாங்க, எல்லாத்தையும் வளைச்சு வெச்சிடறோம்," என்றாள் கடைக்காரரிடம்.

"அதெப்படி? இவர் வளைக்கிறதப் பாக்காமப் போவேனா?" என்று கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மகள் விளக்கை ஏற்றினாள். ஒரு தண்டின் துளை நசுங்காதபடி உள்ளே கம்பியைச் செருகி, அனலில் காட்டி, இளகியதும் அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சுடச்சுடப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"எவ்வளவு வளைக்கணும்மா?"

"தெரியாதாப்பா?"

"தெரியாது," என்றார். இரண்டாவது தடவை அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.