யார் வகுத்தாலும் மீதி இரண்டு

"பதினொண்ணாலதான் மைனி போகும். எங்கண்ணன்..."

"ஒங்கண்ணன் ஒங்கண்ணன்னு நூறு தடவ சொன்னாலும் என் முப்பத்தேழாலதான் போவாரு, பகவதி. நாப்பத்திரண்டு வருசம்..."

"ரத்தம் மைனி."

"சோறு."

குற்றாலிங்கம் வியாழக்கிழமை செத்து, பத்து லட்சத்து ஒன்று ஆகியிருந்தார். செத்தவர்கள் எண்ணாவது அந்த ஊரில் வழக்கம்தான். வகைப்பாட்டு அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். குடும்ப அட்டையில் தன் பெயருக்கு நேரே உள்ள எண்ணால் மீதியில்லாமல் வகுக்கிறவர், அவரை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஒருவராலும் முடியாவிட்டால் பகா எண் என்று முத்திரை விழும். பகா எண்கள் நடைவழியின் கோடியில் இருந்தன. அங்கே போனவர்களைப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

அவர் மேஜைமேல் கிடந்தார். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, நடுவே ஐந்து சுழி. அவர் மனைவி உலகம்மை தன் முந்தானையால் சுழிகளின் தூசியைத் துடைத்தாள்.

முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதானே, அப்படிப்பட்ட எண் பதினொன்றுக்குப் போகாமல் எங்கே போகும் என்று கேட்டாள் பகவதி. அவள் வீட்டில் எல்லோரும் கணக்கை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இலக்கம் மொத்தம் ஆறோ எட்டோ இருந்தாத்தாம்மா அந்தக் கணக்கு" என்றார் குமாஸ்தா. "இவருக்கு ஏழு."

பதினொன்றால் வகுத்தார். மீதி இரண்டு வந்தது. பகவதி அழாமல் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

முப்பத்தேழால் வகுத்தார். அதற்கும் மீதி இரண்டு.

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள் உலகம்மை. குமாஸ்தா மூன்று தடவை பார்த்தார். மீதி இரண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது குற்றாலிங்கம் அப்படித்தான் பார்ப்பார். வெளியே என்ன என்று அவள் கேட்டதில்லை. குழம்பு ஊற்றட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

பிள்ளைகள் இருவரும், ஏழும் பதின்மூன்றும், வந்து போனார்கள். அவர்களுக்கும் இரண்டே மிஞ்சியது.

குமாஸ்தா முத்திரையை எடுத்தார். அப்போது கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். பருத்திச் சேலை, நனைந்த செருப்பு. வெளியே மழை இல்லை. உலகம்மை அவளை எந்தக் கல்யாணத்திலும் எந்த எழவிலும் பார்த்ததில்லை.

"உங்க எண்ணு?"

"நூத்தியொண்ணு."

குமாஸ்தா வகுத்தார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று வந்தது. மீதி இல்லை. பெஞ்சு காலியாக இருந்தது. முத்திரையை வைத்துவிட்டு, பகு எண் என்று எழுதி, கூட்டிப் போகலாம் என்றார்.

குற்றாலிங்கம் மேஜையிலிருந்து இறங்கினார். இடது காலை லேசாக இழுத்து, அந்தப் பெண்ணோடு நடந்தார். அவர்கள் நடக்க நடக்க நடைவழி நீண்டது. உலகம்மையும் நடந்தாள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த நீளம் குறையவில்லை.

"ஏங்க" என்றாள். "நாப்பத்திரண்டு வருசத்துல ஒரு நாளாவது நான் உங்கள மீதியில்லாம பாத்திருக்கனா?"