சும்மா கடை வரைக்கும்

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவனுக்கு முதலில் தெரிந்தது, கால் தரையில் ஊன்றவில்லை என்பதுதான். இடது காலின் பெருவிரல் பக்கம் மட்டும் ஷோரூமின் வழவழப்பான தரையில் பட்டும் படாமலும் நின்றது. வலது காலுக்கும் அதே கதி. எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் பார்த்தால் ஆள் என்னவோ ஜோராகத்தான் இருந்தான். தோள் விரிந்து, பெட்ரோல் டேங்கை முழங்கால்களால் அணைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே வண்டி ஓட்டுகிறவன் மாதிரி. பாதம் இரண்டையும் ஒரு விளம்பரப் பலகை மறைத்திருந்தது. அந்த மட்டும் நல்லது என்று நினைத்துக்கொண்டான்.

"ரெண்டு காலும் முழுசா ஊனுதாங்க?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"ஊனுது, ஊனுது."

"குதிகால் தூக்கிட்டு நிக்குதே."

விற்பனைக்காரர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி வேறு பக்கம் பார்த்தார். இந்த மாதிரிப் பேச்சைத் தினமும் கேட்கிறவர். அவனுக்குத்தான் காது சுட்டது. இவள் இதை வீட்டிலேயே பல தடவை சொல்லியாயிற்று. முதல் வண்டி சின்னதாக, கனமில்லாததாக இருக்க வேண்டும். சீட்டு தாழ்வாக இருக்க வேண்டும். "ஓடும்போது யாரும் விழறதில்ல, நிக்கும்போதுதான் விழுவாங்க" என்று ஒரு சமாசாரமும் வைத்திருந்தாள். அப்படி ஒரு வண்டி கதவோரத்தில் சாதுவாக நின்றுகொண்டும் இருந்தது. "அது எல்லாரும் எடுப்பாங்க சார், லேடீஸ்கூட நிறைய பேர் எடுக்கறாங்க" என்று விற்பனைக்காரர் நல்லெண்ணத்தில் சொன்ன அந்த நிமிஷமே அது அவனுக்கு ஆகாமல் போய்விட்டது.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. எல்லாருக்கும் அவன் ஸ்டோர் சார். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் பைக் ஆசாமிகள். காலையில் கதவு ரோலருக்கும் பட்டனுக்கும் வந்து நின்றால், முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி அவனுடைய ஜன்னல் பலகையில் வைப்பார்கள், அப்புறம்தான் கையெழுத்து. எந்த வண்டி இழுக்கிறது, எதன் செயின் சத்தம் போடுகிறது என்று பேச்சு தலைக்கு மேலே போகும். அவனும் எல்லாம் தெரிந்த மாதிரி "அது அப்படித்தான்" என்பான். முன்பு ஒருநாள் புதிதாகச் சேர்ந்த எலெக்ட்ரீஷியன் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்குள் வந்து இறங்கினான். "பார்சல் வந்திருக்கு சார், சரிபார்த்து இறக்கிக்குங்க" என்று ஒருவர் ஸ்டோர் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். இவனும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த எலெக்ட்ரீஷியன் வேலையை விட்டுப் போகும்வரை அவனுக்குப் பார்சல் என்றுதான் பெயர்.

அதுவரை மற்றவர்கள் வருமுன்பே கேட்டில் இறங்கிவிடுகிற இவன், அந்தச் சிரிப்புக்கு மறுநாளிலிருந்து தன் மனைவியின் ஸ்கூட்டரிலிருந்து மருந்துக்கடை முனையிலேயே இறங்கிக்கொண்டான். உள்தெரு ஒருவழி, நீ சுற்றிக்கொண்டு வர வேண்டும், எனக்கும் நடந்த மாதிரி இருக்கும் என்று அவளிடம் சொன்னான். ஆபீசில் பஸ்ஸில் வருகிறேன் என்றான். ஒரு பொய்யோடு விட்டானா என்றால் இல்லை. இன்றைக்குக் கூட்டம், நேற்று நிற்கக்கூட இடமில்லை, கண்டக்டர் சில்லறை தரமாட்டேன் என்கிறான் என்று அதற்குக் கையும் காலும் வைத்தான். இல்லாத கண்டக்டரோடு ஒருநாள் சண்டையே போட்டிருக்கிறான்.

அவளோ அந்த நடையை மனதார நம்பினாள். லேப் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள் அவள். விடியுமுன் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஐஸ்பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினால், மழையோ வெயிலோ, வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விட்டு, திரும்பி வந்து இவனை ஏற்றிக்கொண்டு போவாள். ஊசி ஏறியதே தெரியவில்லை என்று வயதானவர்கள் அவள் கையைப் பிடித்துச் சொல்வார்கள். இவர் இப்போதெல்லாம் நடக்கிறார் என்று அவர்களிடமும் சொல்லிவைத்திருந்தாள். அவனுக்கு மெத்தென்ற அடிப்பாகம் வைத்த ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தாள். இப்போது பெருவிரல் மட்டும் தரையில் பட்டுக்கொண்டிருப்பது அந்த ஷூவில்தான்.

இந்த ஒளிவு மறைவெல்லாம் ஒரேயடியாக ஒழிந்துபோகும், சொந்தமாக ஒரு வண்டி வந்துவிட்டால் பழைய பொய் தானாகவே செத்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் வண்டி வாங்கலாம் என்றான். அதற்கு அவள் அப்படிச் சந்தோஷப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய் முதலில் தன் ஸ்கூட்டரைக் கொடுத்தாள். பிறகு அண்ணனுடைய பைக்கை இரவல் வாங்கி வந்து கியர் போடச் சொல்லிக்கொடுத்தாள். விழுந்த வண்டியை எப்படித் தூக்குவது என்றுகூடக் காட்டினாள். ஹேண்டிலைப் பிடித்து இழுக்கக் கூடாது, வண்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, காலால் உந்தி எழுந்திருக்க வேண்டும். அண்ணன் பைக்கை வேண்டுமென்றே புல்லில் சாய்த்துவிட்டு, இடுப்பில் குடம் வைத்துக்கொள்கிறவள் மாதிரி அலட்டிக்கொள்ளாமல் தூக்கி நிறுத்தினாள்.

"ஸ்டோர் சார். என்ன இங்க?"

குரலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. மீசை. மீசையை எடுத்து எத்தனையோ வருஷமாகியும் பெயர் மட்டும் தங்கிப்போன கம்பெனி ஃபோர்மேன். பக்கத்து சர்வீஸ் கூடத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கையில் டீயோடு நின்றார்.

"வண்டி எடுக்கறீங்களா? சொல்லவே இல்லயே. அப்ப இனிமே பஸ் வேணாம். அந்தக் கண்டக்டரு நிம்மதியா இருப்பாரு."

அவன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. அவள் மீசையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு மெல்லக் கண்ணை இறக்கி அந்த ஷூவைப் பார்த்தாள். ஒன்றோடு ஒன்றை அவள் கூட்டிப் பார்ப்பது அவனுக்கு அப்படியே தெரிந்தது. மருந்துக்கடை முனை, ஒருவழி, நடை, பஸ்.

விற்பனைக்காரர் நடுவில் வந்தார். "மேடம் வண்டி ஓட்டுவாங்களா சார்? விவரமாக் கேக்கறாங்க."

அவள் கையில் இரண்டு ஹெல்மெட் இருந்தது. கண்ணாடியில் கீறல் விழுந்து, தாடைப்பட்டை நைந்துபோன பழையது அவளுடையது. அதை மீசை பார்த்துவிடுவாரே என்றுதான் அவனுக்கு இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"இல்லயில்ல. சும்மா கடை வரைக்கும்."

மீசை டீ டம்ளருக்குள் எதையோ தேடினார். அவள் வாயைத் திறந்தபோது, அவ்வளவுதான், மானம் போயிற்று என்று நினைத்தான்.

"ஆமாங்க" என்றாள் விற்பனைக்காரரிடம். "சும்மா கடை வரைக்கும்தான்."

காட்டிக்கொடுத்திருந்தால் தாங்கியிருப்பான். கோபித்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை பேசலாம். அவள் அவன் பொய்யைக் கையில் வாங்கி, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு அங்கே நிற்கவே கூசியது. அந்தக் கூச்சத்தில்தான், ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று விற்பனைக்காரர் கேட்டதும் சரி என்று தலையாட்டினான்.

ஷோரூமுக்குப் பக்கத்தில் சிமென்ட் போட்ட முற்றம். அதே பெரிய வண்டியில் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிளம்பியது, ஓடியது, முற்றத்தைச் சுற்றியும் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்றுகூட இருந்தது. மீசை நிற்கும் பக்கம் திரும்பும்போது கொஞ்சம் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, அலட்சியமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஹேண்டில் வளைந்திருக்கும்போதே பிரேக்கைப் பிடித்தான். காலைக் கீழே விட்டான். கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை.

விழுந்தது ஓடும்போது அல்ல, நிற்கும்போதுதான்.

எழுந்துவிட்டான். முழங்காலில் துணி கிழிந்து எரிந்தது. ஹேண்டிலைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மறுபடி இழுத்தான். முதுகைக் கொடுக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் குந்தி உட்கார உடம்பு வளையவில்லை. தலையைத் தூக்கி அவளைத் தேடினான். பழக்கம், வேறென்ன.

அவள் படியில் நின்றிருந்தாள். அவன் விழுந்த வேகத்திலேயே ஒரு படி இறங்கியிருந்தாள். ஹெல்மெட்டுகளைக் கீழே வைக்கக் குனியப் போனவள், மீசையைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். இறங்கிய காலை எடுத்துத் திரும்ப மேல்படியில் வைத்துக்கொண்டாள். கடை வரைக்கும் போகிறவளுக்கு இவ்வளவு பெரிய வண்டியைத் தூக்கத் தெரியாது. அந்தக் கால் பின்னால் போனதை அவன் பார்த்தான். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மீசையும் காவலாளியுமாக வண்டியை நிமிர்த்தினார்கள். "டெஸ்ட் வண்டிதான் சார், விடுங்க. பாவம், மேடம்தான் பயந்துட்டாங்க" என்றார் விற்பனைக்காரர். யோசித்துவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

கேட்டருகே அவளுடைய ஸ்கூட்டர், முன்னால் ஐஸ்பெட்டியோடு நின்றது. மீசை அதற்குப் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். அவள் ஸ்கூட்டரைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து, தெருவையும் கடந்து, எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். அவன் நொண்டிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"வண்டி?"

"அங்கயே நிக்கட்டும். அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

"எதுக்கு? வா, போகலாம்."

"கடை வரைக்கும் ஓட்டறவ, வீடு வரைக்கும் உங்கள எப்படி வச்சு ஓட்டறது? அவரு பாத்துட்டுத்தானே உக்காந்திருக்காரு." குரலில் சூடே இல்லை. வீட்டு வேலை எதையோ யோசித்துச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

நிழற்குடைப் பெஞ்சில் ஹெல்மெட்டுகளை நடுவில் வைத்து அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவனும் உட்கார்ந்தார்கள். ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது.

"எதுல ஏறணும்?" என்று கேட்டாள்.

அவன் பலகையைப் படித்தான். எண் ஒன்றும் புரியவில்லை.

"தினம் போறவரு நீங்கதானே."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவள் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் குனிந்து கிழிந்த முழங்காலைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அந்த ஷூவ அரை சைஸ் பெருசா எடுத்தேன்" என்றாள் கொஞ்சம் கழித்து, தெருவைப் பார்த்துக்கொண்டு. "நடந்தா கால் வீங்கும்னு கடைக்காரர் சொன்னாரு."

ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னால் அதுவும் பொய்யைப் போலவே கேட்கும் என்று தோன்றியது. கையை மட்டும் நீட்டினான்.

"சாவி குடு."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வரேன். நீ ஓட்டு."

அவள் பையைத் திறந்து தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ஊசி ஏற்றினால்கூடத் தெரியாத கை அல்லவா அவளுடையது, சாவி வந்து விழுந்ததும் தெரியவில்லை.

தெருவைக் கடந்து போனான். மீசை எழுந்து நின்றார். இவருக்கு முன்னால் இதைச் சொல்ல இவ்வளவு பயமா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சார், அது அவ வண்டி. ஊரெல்லாம் ஓட்டறா. என்னைத் தினம் கொண்டுவந்து விடறதும் அவதான். பஸ்ஸெல்லாம் கிடையாது."

"தெரியும் சார்."

அவன் விழித்தான்.

"மருந்துக்கடைக்கு எதுத்தாப்லதானே நாங்க காலைல டீ குடிக்கறோம். எல்லாருக்கும் தெரியும். நீங்களாச் சொல்லல, நாம எதுக்குக் கேக்கறதுன்னு விட்டுட்டோம்." மீசை டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "தங்கச்சிக்கும் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சேன். இல்லன்னா நான் பஸ்ஸுன்னு வாயத் திறந்திருப்பனா?"

அத்தனை காலையும் ஜன்னல் பலகையில் ஹெல்மெட்டை வைத்துவிட்டு, கண்டக்டர் கதையை அவர்கள் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரிடம் மறைக்க இவ்வளவு பாடுபட்டானோ அவர்கள் எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரியாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தவருக்கு முன்னால்தான் அவள் தன்னைக் கடை வரைக்கும் என்று சுருக்கிக்கொண்டாள். அதுவும் வீணாகத்தான்.

ஸ்டாண்டை எடுத்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தான். ஓட்டிப்போக முழங்காலும் இடம் கொடுக்கவில்லை, மனசும் இடம் கொடுக்கவில்லை. ஐஸ்பெட்டி ஒவ்வொரு குலுக்கலுக்கும் டொக் டொக்கென்றது. தெரு ஓரத்துக்கு வந்து தலையைத் தூக்கியபோது, எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நின்று நிழற்குடையை முழுவதுமாக மறைத்துக்கொண்டது. ஆட்கள் அந்தப் பக்கம் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. என்ன எண் என்று பார்த்தான். அது வீட்டுக்குப் போகிற பஸ்ஸா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஸ்கூட்டர் சாயாமல் இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு அவன் குனிந்தான். பஸ்ஸின் அடியில், சக்கரங்களுக்கு நடுவே, கால்கள் தெரிந்தன. சில இறங்கின, சில ஒவ்வொன்றாகத் தரையை விட்டு மேலே போய் மறைந்தன. அவற்றுக்குள்ளே, வண்டி ஓட்டத் தோதாகப் பின்வார் வைத்த அவளுடைய பழுப்புச் செருப்பு நிற்கிறதா என்று தேடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குனிந்தான்.