நில்லுங்க, தள்ளுங்க

அந்த மரப்பட்டறையில் ரம்பம் ஓட்டுவது இரண்டு பெண்கள். இந்தப் பக்கம் நின்று பலகையைத் தள்ளுவது அண்ணி. அந்தப் பக்கம் நின்று இழுப்பது நாத்தனார். நாத்தனாருக்குத் தெருவில் வாயாடி என்று பெயர். அது அவளுக்கே தெரியும், அதைப் பற்றிக் கவலையும் இல்லை. அண்ணிக்கு மகாராணி என்று பெயர். கொஞ்ச வருஷமாகவே யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவு கர்வம் என்று தெருவே பேசிக்கொண்டது. வாயாடியும் அப்படித்தான் நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பலகையில் ஒரு ஆணி இருந்து தொலைத்தது. ரம்பத்தை நெருங்கும்போதுதான் வாயாடியின் கண்ணில் பட்டது.

"அண்ணி, நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

குனிந்திருந்த அண்ணி நிமிராமலே தலையை ஆட்டிவிட்டு முன்னைவிட வேகமாகத் தள்ளினாள். ரம்பத்தின் பல் ஒன்று தெறித்து, வாயாடியின் தோளை உரசுகிற மாதிரி பறந்து, பின்னால் கிடந்த கட்டையில் குத்திக்கொண்டு நின்றது. வாயாடி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள்.

"என்னைக் கொல்லப் பார்த்தீங்களா? நில்லுங்கன்னு கத்தினேனே!"

"நீதானடி தள்ளுங்கன்னே! இப்ப பேச்சை மாத்தறியா?"

அண்ணிக்கு ஆயிரம் குணம் இருக்கலாம், பொய் சொல்கிற குணம் மட்டும் கிடையாது. அதுதான் வாயாடியை உறுத்தியது. டீ போடப் போகிறவள் போல வாசலில் நின்று, அண்ணி முகத்துக்கு நேராக வாயை மட்டும் அசைத்தாள். துளி சத்தம் இல்லை. டீயா, காபியா?

"டீ. சர்க்கரையைக் கொட்டித் தொலைக்காதே" என்றாள் அண்ணி.

அண்ணி அந்தப் பக்கம் திரும்பி ரம்பத்தைத் துடைக்க ஆரம்பித்ததும், வாயாடி முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "அண்ணி, பாம்பு!" என்றாள். அண்ணி பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடப்பாவமே! இத்தனை நாளும் இந்த மனுஷி கண்ணால் அல்லவா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! கர்வமாவது மண்ணாங்கட்டியாவது!

வாயாடி விடுவிடுவென்று போய்ப் பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"காதைக் காட்டிட்டு வர்ற வரைக்கும் இந்த ரம்பம் ஓடாது."

"என் காதுக்கு என்ன கேடு? ஊக்கால குடைஞ்சு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாப் போயிடும்."

"ஊக்கைத் தொட்டுப் பாருங்க, கையை ஒடிச்சுடறேன்."

அண்ணி கத்தினாள், திட்டினாள், கடைசியில் உன் அண்ணனுக்கே போன் போடுகிறேன் என்றாள்.

"போடுங்க. அவன் என்ன சொல்றான்னு கேட்டு எனக்கும் சொல்லுங்க."

அண்ணி போனை எடுத்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "அவர் போன்ல பேசறது ஒண்ணும் புரியறதில்லடி. ம் ம்னு சொல்லி ஒப்பேத்தறேன். காது போச்சுன்னு தெரிஞ்சா என்னை ரம்பத்துக்கிட்ட விடுவீங்களா? மூலையில உட்கார வச்சுடுவீங்க."

"உங்களை உட்கார வச்சுட்டு யார் தள்றது? நான் அறுத்தா மேஜைக்கு நாலு காலும் நாலு தினுசா வரும். கிளம்புங்க."

காது பரிசோதிக்கிற இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே அண்ணி ஹெட்போனும் கையில் பொத்தானுமாக உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே ஒரு பெண் மெஷினைத் தட்ட, அண்ணி டக் டக்கென்று அமுக்கினாள். பார்த்தியா என்கிற மாதிரி ஒரு சிரிப்பு வேறு. வாயாடிக்குச் சந்தேகம் தட்டியது. அண்ணியின் கண் அந்தப் பெண்ணின் கையை விட்டு அசையவே இல்லை.

"அம்மா தாயே, இவங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைங்க. உங்க கையைப் பார்த்துப் பார்த்து அமுக்கறாங்க!"

திருப்பி உட்கார வைத்த பிறகு அண்ணியின் விரல் வெகுநேரம் சும்மாவே இருந்தது.

"சத்தமாப் பேசினா கேட்கும், என்ன பேசறாங்கன்னுதான் புரியாது" என்றாள் பரிசோதித்த பெண். "மெல்லிசான சத்தமெல்லாம் போயிடுச்சு. ரம்பச் சத்தம் தின்னது திரும்ப வராதும்மா. கருவி வச்சா பேச்சு ஓரளவு தெளியும். மிச்சத்தைக் காப்பாத்தணும்னா ரம்பம் ஓடறப்ப ரெண்டு காதுக்கும் கவசம் போடுங்க. ஊக்கு, எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது." அப்புறம் வாயாடியைப் பார்த்தாள். "நீங்களும் அங்கேதானே வேலை? வேலை முடிஞ்சதும் காதுல ஙொய்னு கேட்குமா?"

"அது களைப்பு. எல்லாருக்கும் கேட்கறதுதானே?"

"எல்லாருக்கும் கேட்காது. உள்ளே போய் உட்காருங்க."

வாயாடிக்கும் ஆரம்பித்திருந்தது. கருவி இப்போதைக்குத் தேவையில்லை, இப்படியே விட்டால் அண்ணி வழிதான் என்றாள் அந்தப் பெண். வரும் வழியில் வாயாடி இரண்டு கவசம் வாங்கிக்கொண்டாள்.

கருவி வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்த முதல் நாள், "ஐயோ, இந்தத் துடைப்பம் இப்படியா கத்தும்!" என்று அண்ணி ஆச்சரியப்பட்டுப் போனாள். ரம்பம் ஓடும்போது கருவி டப்பிக்குள், தலையில் கவசம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். கவசம் போட்டால் யார் கத்தினாலும் காதில் விழப்போவதில்லை. அதனால் கையைத் தூக்கினால் நிற்க வேண்டும் என்றும் முடிவானது.

வாயாடி பியூஸ் கட்டையை மாட்டினாள். கவசம் கழுத்தில்தான் தொங்கியது. ஒரே ஒரு பலகைதானே என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"நில்லுடி!"

பட்டறையே அதிர்ந்தது. அண்ணி வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "முதல்ல காது. அப்புறம்தான் பலகை." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பலகையை எடுக்கக் குனிந்தாள்.

"மகாராணின்னு சும்மாவா சொன்னாங்க" என்று வாயாடி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கவசத்தைத் தூக்கினாள்.

"கேட்குதுடி" என்றாள் அண்ணி, திரும்பாமலே.