பத்து வருஷத்துக்கு ஈடாக எத்தனை

...ஒரு வருஷத்தை எப்படி எடை போடுவது என்றுதானே கேட்டார், அதற்குள் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார், பதிவு செய்த பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் பேராசிரியர்கூட ஏலம் போடுகிறவர் மாதிரிதான் பேசுவார், பின்னால் தள்ளிக் கேட்கலாமென்றால் கைபேசி வழுக்குகிறது, மடியில் அப்பாவின் சட்டை, அதன் மேல் மடிக்கணினி, அதன் மேல் கைபேசி, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மனுஷி மதியம் முழுக்க உட்காருவாள் என்று வாங்கியவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இல்லை, தெரிந்தேதான் வாங்கியிருப்பான், நோயாளிக்குக் கட்டில், கூட வருபவருக்கு நாற்காலி, கூட வருபவரின் முதுகுவலி ஆஸ்பத்திரிக் கணக்கில் எங்கும் வராது, அதைத்தான் போன வாரப் பாடத்தில் மறைமுகச் செலவு என்றார்கள், தன் முதுகுக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பக்கத்தில் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார், இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள், ஒன்றில் ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது, இன்னொன்றில் சுத்தமாகித் திரும்பி வருகிறது, சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று மதியங்கள் இப்படித்தான். தூங்குகிறாரா, இல்லை சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் லிப்டைக் கேட்கிறாரா, வாழ்நாள் முழுக்க லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர், இந்தக் கட்டடத்து லிப்ட் ஒவ்வொரு தளத்திலும் ஒரு விரல்கடை கீழே நிற்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்து, யாரும் சரிசெய்யவில்லையே என்று இன்றுவரை பொருமிக்கொண்டிருக்கிறார்.

படிப்பு யாரைக் கேட்டு வந்தது, அவளைக் கேட்டுத்தான் வந்தது, வேறு யாரைக் குறை சொல்வது. இன்னொரு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை, காலையெல்லாம் தொலைபேசியில் காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டு, ஐந்து நாள் எதற்கு மூன்று நாள் போதாதா என்று அவர்கள் கேட்க, நோயாளிக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை சார் என்று இவள் சொல்ல, பிரிவுத் தலைவர் ஓய்வுபெறப் போகிறார், அந்த நாற்காலிக்கு மருத்துவ நிதியும் பொருளாதாரமும் படித்திருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் இவளிடம் வேலை கற்றுக்கொண்ட சின்னப் பெண் அங்கே உட்காருவாள், நல்ல பெண்தான், அதுதான் இன்னும் எரிச்சல். ஆகவே இணையத்தில் படிப்பு, டாக்சியில் பாடம், கேன்டீனில் பயிற்சிக் கேள்வி, கணவர் குக்கரை இறக்கிவைத்துவிட்டு “புரொபசரம்மா சாப்பிட வருவாங்களா?” என்பார், கேலிதான், ஆனால் சமைத்தது அவர்தானே என்று பேசாமல் போய் உட்காருவாள். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் ஒவ்வொரு முறையும் சரியாக இயந்திரம் ஓடத் தொடங்கும் நேரத்தில் “அப்பா எப்படி?” என்று செய்தி அனுப்புவான், இவள் “ஓகே” என்பாள், அவன் ஒரு இதயப் பொம்மை அனுப்புவான், அத்தோடு அண்ணனின் பங்கு முடிந்தது. சரி, அவனை ஏன் இழுக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் பயிற்சியைத் திருத்தி அனுப்ப வேண்டும், அதை நினை.

பயிற்சி சின்னதுதான். நீண்ட நாள் நோயோடு வாழும் ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டும், இப்போதிருக்கும் உடம்போடு பத்து வருஷம், அல்லது முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைந்த வருஷங்கள், எத்தனை கொடுத்தால் மாற்றிக்கொள்வீர்கள், ஐந்தா, ஏழா, ஒன்பதா, ஏற்றியும் இறக்கியும் கேட்டுக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் தராசு நிற்கும், அந்த எண்தான் அந்த நோயோடு வாழும் ஒரு வருஷத்தின் எடை, எண் சின்னதானால் அந்த வாழ்க்கை அவருக்கு அவ்வளவு பாரம், அதை வைத்துத்தான் எந்தச் சிகிச்சைக்குச் செலவு செய்வது தகும் என்று உலகமே முடிவு செய்கிறதாம். கேட்பதற்கு ஆள் தேடி அலைய வேண்டாம், வாரத்தில் மூன்று மதியம் கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருக்கிறார், ஆனால் அவள் கேட்கவில்லை, கேன்டீனில் உட்கார்ந்து தானே ஆறு என்று போட்டு அனுப்பிவிட்டாள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள். பார்த்தார்கள். நேற்று ஓரத்தில் ஒரு குறிப்போடு திரும்பி வந்தது, ‘இவர் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லையே, உண்மையான மனிதர்கள் தடுமாறுவார்கள், தடுமாறாத பதிலை நம்பாதீர்கள், யாரைக் கேட்டீர்கள்?’ காப்பீட்டுக்காரர்களின் பொய்யை ஒரு மூச்சில் கண்டுபிடிக்கிற அவள், பொய் எழுதும்போது தடுமாறத் தெரியாமல் மாட்டிக்கொண்டாள்.

ஏன் கேட்கவில்லை, நேரமில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியுமா. அன்றைக்கு டாக்சியில் திரும்பும்போது அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாரே, “இதை நிறுத்திட்டா எத்தனை நாள் தாங்கும்?” சாதாரணமாக, அடுத்த நிறுத்தம் எது என்று கேட்கிற மாதிரி, இவள் காதிலிருந்த இயர்போனைத் தொட்டுக் காட்டி, கிளாஸ் ஓடுதுப்பா என்றாள், ஒன்றும் ஓடவில்லை, இயர்போனில் சார்ஜே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி வயிற்றில் கல்லாகக் கிடக்கிறது, அப்பாவுக்கு அலுத்துவிட்டது, போதும் என்று நினைக்கிறார், இந்தப் பயிற்சியைக் கேட்டால் இரண்டு என்பார், மூன்று என்பார், பிறகு அதை என்ன செய்வது... பயம் மட்டும்தானா? பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, கேன்டீனில் முதலில் அவள் கை போட்டது ஆறு இல்லை, மூன்று, போட்டதும் உடம்பு லேசான மாதிரி இருந்தது, அந்த லேசைக் கண்டு திடுக்கிட்டுத்தான் ஆறு என்று மாற்றினாள். பெற்ற அப்பாவுக்கு மூன்று போடுகிற கை எப்படிப்பட்ட கை. அந்தக் கையால்தான் அவருக்குப் போர்வையை இழுத்து விடுகிறாள்.

பாடத்தை நிறுத்தினாள். அப்பா உடனே கண்ணைத் திறந்தார், இந்த மனிதர் தூங்கவே இல்லை.

“அப்பா, ஒரு கேள்வி கேக்கணும். படிப்புக்கு.”

“கேளு. பெயிலாயிட்டா திட்ட மாட்டியே?”

ஒரு பேச்சுக்குத்தான் என்று இரண்டு முறை சொன்னாள், பிறகு கேட்டாள், இதே மாதிரி பத்து வருஷம், இல்லையென்றால் ஒரு நோயும் இல்லாமல் ஐந்து வருஷம். “இதே மாதிரின்னா, இந்த மெஷினோடயா?” ஆமாம்பா. “பத்து.” யோசிக்கவே இல்லை, பேராசிரியர் இதையும் நம்ப மாட்டார், சரி, ஏழு என்றால்? அப்பா கூரையைப் பார்த்தார், ஏழில் படி ஏற முடியுமா என்றார், முடியும், பை தூக்கலாமா, தூக்கலாம், கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “தண்ணி?” என்றார். ஒரு நாளைக்கு அளந்து வைத்த தண்ணீர்தான் அவருக்கு, வெயிலில் அலைந்து வந்தாலும் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்பா என்றாள், அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, இதுதான் தடுமாற்றம், இதைத்தான் கேட்டிருக்கிறார்கள், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது. “தண்ணிய சொல்லி ஆசை காட்டுறியே... வேணாம். பத்து.” ஒன்பது? “ஒன்பதும் வேணாம்.” ஒரு வருஷம்தானேப்பா குறைகிறது என்றாள், பேரம் பேசுகிறோமே என்று கூச்சமாக இருந்தாலும் வாய் நிற்கவில்லை. “ஒரு வருஷம்னா சும்மாவா? நல்லா இருந்தா மட்டும் என்ன கிழிக்கப்போறேன், எங்கயாவது உக்காந்துதான் இருப்பேன். இங்க ஏசியாவது இருக்கு.”

அப்படியென்றால் அன்றைக்கு டாக்சியில்... கேட்டே விட்டாள். அப்பாவுக்கு நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. “அதுவா? கரண்ட் போனா பேட்டரியில லிப்ட் எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரிஞ்சு வச்சுக்க வேணாமா? அதுக்காக யாராவது போய் கரண்ட்ட நிறுத்துவாங்களா? நல்ல கேள்வி கேட்ட போ.” இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை நாள் கல்லைச் சுமந்தாள், மெக்கானிக்கின் புத்தி எங்கே போகும், சிரிப்பு வந்தது, அப்பா இருக்க விரும்புகிறார், பத்தில் ஒன்றைக்கூட விட மாட்டேன் என்கிறார், சந்தோஷம், நிஜமாகவே சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் வேறொன்று பொத்தென்று வந்து உட்கார்ந்தது, பத்து வருஷம், இந்த நாற்காலி, இந்த மதியங்கள், ஆபீஸில் கெஞ்சி வாங்கும் அரைநாள் விடுப்புகள், பத்து வருஷத்தில் மகள் படித்து முடித்திருப்பாள், பத்து வருஷத்தில் தனக்கு என்ன வயது, வேண்டாம், அதைக் கூட்டாதே.

“சரி, உனக்கு?” என்றார் அப்பா.

“எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே.”

“இல்லன்னா என்ன, என்னைக் கேட்டல்ல, நீயும் சொல்லு. இதே ஆபீசு, இதே ஓட்டம், இதே படிப்பு, பத்து வருஷம். இல்லன்னா நல்லா தூங்கி எந்திரிச்சு...”

“அஞ்சு.”

அவர் முடிக்கவே இல்லை, அதற்குள் வெளியே வந்துவிட்டது. விளையாட்டாகச் சொன்ன மாதிரி சிரிக்கலாமென்று பார்த்தாள், முகம் ஒத்துழைக்கவில்லை. அப்பா கேலி செய்யவில்லை, அவளையே பார்த்தார், லிப்டின் சத்தத்தில் ஏதோ சரியில்லை என்றால் அப்படித்தான் தலையைச் சாய்த்துக் கேட்பார். இயந்திரம் கூவியது, பணியிலிருந்த நர்ஸ் வந்தாள், எல்லாரையும் அதட்டி வேலை வாங்குவதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் மேஸ்திரி, “கைய மடக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?” என்று குழாயை நேராக்கிவிட்டுத் திரும்பினாள். “மேஸ்திரி, அந்தக் கட்டில் காலிதானே? அதுல இருக்கிற தலையணைய எடுத்து இவ முதுகுக்குக் குடும்மா” என்றார் அப்பா. விதிப்படி கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அவள் கொடுத்தாள்.

தலையணை மெத்தென்று இருந்தது, சாய்ந்ததும் கண் தானாகச் செருகியது. பத்து என்று தட்டினாள், ஏழில் தடுமாறினார், தண்ணீரைப் பற்றிக் கேட்டார் என்றும் எழுதினாள், இதை அவர்கள் நம்புவார்கள், நம்பித்தான் ஆக வேண்டும். அனுப்பும் பொத்தானுக்கு மேலே நேற்றைய குறிப்பு இன்னும் நின்றுகொண்டிருந்தது, தடுமாறாத பதிலை நம்பாதீர்கள். சரிதான், அப்படியானால் அந்த ஐந்து? எங்காவது தடுமாறினாளா என்று தேடிப் பார்த்தாள், நாலுக்கும் ஆறுக்கும் நடுவில், அப்பா வாயை மூடுவதற்கு முன், மகள் முகம் நினைவுக்கு வந்ததா, கணவர்... இல்லை, எதுவும் வரவில்லை, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, அப்படியென்றால் அது பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?