சத்து ஊசி

என் அண்ணன் தேசொப்புக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஒன்றை மூடி வைத்துவிட்டால் அது இல்லாமலே போய்விடும் என்று நினைப்பான். அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய், இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது என்று வோன்ஜு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றும் அதைத்தான் செய்தான். டாக்டரும் அதற்கு ஏற்றவர்தான். அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் சொன்னார். எங்கள் கொரியாவில் அப்படித்தான். நோய் ஒருத்தருக்கு, சேதி பிள்ளைகளுக்கு.

வெளியே வந்து, "ஒண்ணுமில்லப்பா, வயசானா வர்ற வீக்கம்" என்றான் அண்ணன். எலும்பு முறியாமல் இருக்க மாதாமாதம் ஏற்றும் மருந்துக்குச் சத்து ஊசி என்று பெயரும் வைத்துவிட்டான். தெருவில் யாருக்குக் களைப்பு வந்தாலும் க்ளினிக்கில் போய்ப் படுத்து ஒரு சத்து ஊசி ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள்தானே எல்லோரும்! அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. மகன் மாதம் தவறாமல் லீவு போட்டு, காரில் கூட்டிப் போய் ஊசி போட்டுக் கூட்டி வருகிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அவர் உயிர், அவரிடம் சொல்ல வேண்டாமா என்று அண்ணனிடம் சண்டை போட்டேன். சொன்னால் மனசு விட்டுப் போய்விடுவார் என்றான். அம்மா அவன் பக்கம். மூத்தவன் சொன்னால் அம்மாவுக்கு அது வேதவாக்கு. பெண் பிள்ளை நான் தொண்டை வறளக் கத்தினதுதான் மிச்சம்.

அப்பாவுக்குத் தன் உடம்பில் ஒரே ஒரு குறைதான் தெரியும். கீழ்த் தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே எல்லாம் போய், கட்டுப்பல் போட்டுக்கொண்டவர். வருஷக்கணக்காகக் கட்டுப்பல் அழுத்தி அழுத்தித் தாடையெலும்பு தேய்ந்த சோப்புத் துண்டு போல ஆகிவிட்டது. பேசினால் பல் வழுக்கும், சிரித்தால் தூக்கும். பழைய டிரைவர்கள் சேர்ந்து சாப்பிடும் நாட்களில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சோற்றை விழுங்குவார். முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயை நறுக்கென்று கடிக்க வேண்டும், அதுவும் நாலு பேர் பார்க்கக் கடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மாட்டு வருஷம் பிறந்து கொஞ்ச நாளில், எங்கள் யாரிடமும் சொல்லாமல் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பல் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். அப்பா புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கினார். தாடையில் எலும்பு போதாதாம். அதனால் இரண்டு வழியாம். முன்பக்கம் கொஞ்சம் எலும்பு மிஞ்சியிருக்கிறது, அங்கே இரண்டு திருகாணி இறக்கி, கட்டுப்பல்லை அதன் மேல் பொத்தான் மாதிரி மாட்டிக்கொள்ளலாம், சீக்கிரம் முடியும். இல்லையென்றால் தேய்ந்த இடத்தில் மாட்டெலும்புத் தூள் வைத்துத் தைத்து, அது கெட்டியாக அரை வருஷம் காத்திருந்து, பிறகு திருகாணி இறக்கி, அதுவும் பிடித்த பிறகு கழற்றவே வேண்டாத பல் கட்டலாம்.

"மாட்டெலும்புதான்" என்றார் அப்பா. "நான் பொறந்ததும் மாட்டு வருஷம், உழைச்சதும் மாடா உழைச்சேன். வாயில மட்டும் என்ன குறைச்சல்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மருந்தில் அடங்கியிருந்த நோய் மறுபடி தலையெடுக்கிறது, அடுத்த வருஷத்தைப் பற்றி வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் எங்களிடம் சொல்லி அதிக நாளாகவில்லை.

"அப்பா, அந்த ரெண்டு திருகாணியே போதுமே. சீக்கிரம் சாப்பிடலாம்ல?" என்றேன்.

"என்னடி அவசரம்? நாளைக்கே சாகப்போறேனா?"

அண்ணன் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். அம்மாதான் கடைசியில், "அவரு ஆசைப்படறதையே செஞ்சுக்கட்டும். என்ன அவசரம், நல்லதாவே வெச்சுக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பல் டாக்டரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுவோம் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். பல் டாக்டருக்கு வாய் சும்மா இருக்காது, அப்பாவிடம் உளறிவிடுவார், பல்லுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்றான். எனக்கும் சம்பந்தம் தெரியாது. அவர் கையில் இல்லாத நாட்களை அவர் காத்திருந்து வீணாக்குகிறாரே என்றுதான் நான் துடித்தேன். பயப்பட வேண்டியது வேறொன்று என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பல் டாக்டர் கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, எலும்புக்கு ஊசி ஏதாவது போடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, ஒரு வியாதியும் கிடையாது, பையன் மாதாமாதம் சத்து ஊசி போடுகிறான், அவ்வளவுதான் என்றிருக்கிறார். நல்ல பையன் என்று டாக்டரும் பாராட்டினாராம். அப்பா அதை வீட்டில் வந்து எங்களிடமே சொன்னார்.

எலும்பு வைத்தார்கள். தையல் பிரித்த பிறகும் ஈறு மூடவில்லை. உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், மாத்திரை மாற்றினார்கள், வைத்த தூளை எல்லாம் சுரண்டி எடுத்தார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. கோடையில் அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தேன். ஈறு விலகி மஞ்சளாக எலும்பு தெரிந்தது. வாடை வந்தது, பெற்ற அப்பாவின் வாயிலிருந்து நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. தாடை வீங்கி, கட்டுப்பல்லையும் போட முடியாமல், கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. முன்பு வழுக்கிய பல்லோடாவது சோறு தின்றுகொண்டிருந்தவர்.

பல் டாக்டர் பயந்துபோய் சியோலில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அப்பா டிரைவரின் பிரேக்கைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

தாடை அறுவை செய்யும் டாக்டர் ஒரு பெண். வாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். எலும்புக்கு என்ன ஊசி போடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்.

"எலும்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. சத்து ஊசிதான்" என்றார் அப்பா.

"மாசாமாசமா? எந்த ஆஸ்பத்திரில? பேரு தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார், நீ சொல்லேன் என்கிற மாதிரி. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இத்தனை நாள் வைத்திருந்தது அது. ஊசியின் பெயரைச் சொன்னேன். எதற்காகப் போடுகிறோம் என்பதையும் சொன்னேன். புற்றுநோய் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது அது யாரோ பேசுவது போலத்தான் இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மருந்து எலும்பு கரையாமல் பிடித்து வைக்கும், ஆனால் தாடையில் கத்தி பட்டால் புண்ணை ஆறவிடாது, எலும்பு செத்துப்போகும், முன்பே தெரிந்திருந்தால் யாரும் இந்த வாயைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றார். கோபமாகத்தான் சொன்னார். எனக்கு அது தேவைதான்.

அப்பா என்னிடம், "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்ப்பா."

"க்வோனுக்கு?"

க்வோன் அவரோடு அதே தடத்தில் பஸ் ஓட்டியவர், உயிர் நண்பர். வாய் தவறி உளறிவிடக் கூடாதென்று டிரைவர்கள் எல்லோரிடமும் அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். தலையாட்டினேன்.

"அப்போ ஹ்வாதுல நான் ஜெயிச்சதெல்லாம்?"

ஹ்வாது சீட்டாட்டத்தில் க்வோனை யாரும் ஜெயித்ததில்லை. அப்பா மட்டும் கொஞ்ச காலமாக ஜெயித்துக்கொண்டே வந்தார். அவர் வீங்கிய தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார். "அரை வருஷம் காத்திருந்தா எலும்பு பிடிக்கும்னு உங்க முன்னாடிதானே உக்காந்து சொன்னேன். ஒருத்தருக்குக் கூடவா நெஞ்சு இளகல?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டாக்டர் மேற்கொண்டு ஆக வேண்டியதைச் சொன்னார். செத்த எலும்பை வெட்டி எடுத்து, தகடு வைத்து மூடலாம். பெரிய அறுவை, தேறப் பல மாதம் ஆகும், வலி குறையும். இல்லையென்றால் கழுவிக் கழுவி, மாத்திரையில் ஓட்டலாம். எது என்பது நோய் எந்த மட்டில் இருக்கிறது, இன்னும் எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தது. அங்கே நிறுத்திவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கண்ணால் கேட்டார்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"டாக்டரம்மா, இங்க பாருங்க" என்றார். "அவளப் பாக்காதீங்க. வாய் என்னுது."

ஆனாலும் டாக்டரின் கண் ஒருமுறை என் பக்கம் வந்து போனது. பழக்கம் அப்படி. நான் இருக்கும்வரை அவர் என்னிடம்தான் பேசுவார் என்று புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

நடையில் நின்றபோது அண்ணன் போன் செய்தான். எடுக்கவில்லை. உள்ளே டாக்டர் பேசுவது கேட்டது, வார்த்தை புரியவில்லை. நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டே இருந்தார். அப்பாவின் குரல் ஒரு தடவைகூட வரவில்லை.