வுகாஷின் தலைமேல் சிலுவை

மரண அறிவிப்புத் தாளை அச்சக மேசையில் அறைந்தாள் ராய்கா. பாலத்தடி மின்கம்பத்திலிருந்து கிழித்து வந்திருந்தாள். பசை இன்னும் காயவில்லை.

"எங்கப்பா தலைக்கு மேல என்ன இது?"

சிலுவை. இறந்துபோன வுகாஷின் ஒரு கம்யூனிஸ்ட்; பதினாறு வயதில் துப்பாக்கியோடு மலையேறி ஜெர்மன்காரர்களை எதிர்த்தவர். பாதிரியாரை வாசற்படி மிதிக்க விடாதவர். கிறிஸ்தவரின் சிலுவையா, முஸ்லிமின் பிறையா, கம்யூனிஸ்டின் நட்சத்திரமா என்று தாளின் தலையைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் அடக்கத்துக்கே கிளம்புவார்கள்.

"ரெண்டு மணிக்கு அடக்கம். அவரோட பழைய சிநேகிதங்க இதைப் பாத்துட்டுப் பாதி வழியிலயே நிக்கிறாங்க."

அச்சகக்காரர் மியோத்ராக் காபியைக் கீழே வைக்கவில்லை. "செத்தவர் எந்திரிச்சு வந்து கேக்கப் போறாராக்கும்?"

"உங்கப்பன் அன்னிக்கு அவரை ஜெர்மன்காரன்கிட்ட காட்டிக்குடுத்தான். மிச்சத்தை நீ முடிக்கிறியா?"

"வாயை அடக்கு ராய்கா! எல்லாம் மெஷின் பண்ண தப்பு. இதோ நிக்கிறாளே சென்கா, புரோகிராம் எழுதினவ, இவளைக் கேளு."

கணினியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. நான் அனுப்பிய நட்சத்திரத்தின் எண் இந்தக் கிழட்டு அச்சு இயந்திரத்தின் பட்டியலில் இல்லை. இல்லாத குறிக்கு முன்பெல்லாம் கேள்விக்குறி விழும். 'மானம் போகுது, தெரியாததுக்கெல்லாம் சிலுவையைப் போடு' என்றார் மியோத்ராக். ஒரே வரிதான். எழுதிவிட்டேன்.

"மெஷின் மேல தப்பில்ல," என்றேன். "பட்டியல்ல இல்லாததுக்கெல்லாம் சிலுவை போடச் சொன்னது இவரு. எழுதினது நான்."

மியோத்ராக்கின் கழுத்து சிவந்தது. "நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதே."

"நாளைக்குத்தானே? இப்ப நகருங்க."

இந்த முறை குறியை அனுப்பவில்லை. புள்ளிகள் வைத்து, கோடுகளால் இணைத்து, நட்சத்திரத்தைப் படமாகவே வரைய இயந்திரத்துக்குச் சொன்னேன். நாற்பது தாள். ராய்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உன் தாள்ல என்ன போடணும்னு இப்பவே எழுதி வெச்சுக்கோ," என்றாள் என்னிடம். "இவன் கையில மாட்டினா நீயும் சிலுவைதான்."

பழைய தாள்மேல் புதியதை ஒட்டிக்கொண்டே போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். பாலத்தடியில் நின்ற மூன்று கிழவர்கள் அதைப் படித்துவிட்டு, கைத்தடிகளை ஊன்றி மயானப் பக்கம் நடந்தார்கள்.

சிலுவை போடச் சொன்ன அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கத்தல்.

"ஏய் சென்கா! பிறை போட்டா கேள்விக்குறி விழுதுடி!"

பிறையும் பட்டியலில் இல்லை. இதுவரை எத்தனை பிறைகள் சிலுவையாகப் போயினவோ? நான் திரும்பிப் பார்க்கவில்லை.